சிறப்பு நாணயங்களை வாங்கும் முன்: ஒரே நாணயத்தின் மூன்று விலைகள்

சில ஆண்டுகளுக்கு முன், வரமகாலட்சுமி நோன்பு முடிந்த மறுவாரம், ஸ்ரீராம்புரத்தில் உள்ள எங்கள் கிளைக்கு ஓர் அம்மையார் வந்தார். மில் தொழிலாளியாக இருந்து மறைந்த அவருடைய கணவர் விட்டுச்சென்ற சேமிப்பில் ஒரு வெள்ளி நாணயமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை நினைவுகூர்ந்து இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம் அது; 2010 என்னும் ஆண்டு பொறித்தது. பேரனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதன்பேரில் கடன் கிடைக்குமா என்று கேட்டார். உறையிலிருந்து எடுத்த நாணயத்தில் மஞ்சளும் குங்குமமும் படிந்திருந்தன. "கண்ணாடி மாதிரி இருந்தது சார். நோன்புக்கு வைக்கிறதுக்கு முன்னாடி திருநீறு போட்டு நல்லாத் துலக்கி வச்சேன்," என்று பெருமையோடு சொன்னார்.

அவருக்கு நான் கூற வேண்டியிருந்த மூன்று பதில்களும் 'இல்லை' என்பதே. அப்போது எங்கள் வங்கியில் வெள்ளியின்பேரில் கடன் இல்லை. நாணயத்தை வங்கி விலைக்கு வாங்குவதும் இல்லை. திருநீற்றால் துலக்கிய பின் சேகரிப்பாளர் தரக்கூடிய விலையும் அதற்கு இல்லை. வரிசையில் பலர் காத்திருந்த அந்த வேளையில் காரணங்களை விளக்க இயலவில்லை. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

சிறப்பு நாணயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைகள் உண்டு. முதலாவது, அதன்மேல் பொறிக்கப்பட்ட முகமதிப்பு. நாணயச் சட்டம், 2011 இன்படி இது 1000 ரூபாயைத் தாண்டலாகாது. இந்த மதிப்பிற்காக எவரும் இவற்றை வாங்குவதில்லை. இரண்டாவது, உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பு. மூன்றாவது, சேகரிப்பாளர் ஒருவர் விரும்பித் தரும் விலை. விளம்பரங்கள் பேசுவது மூன்றாவதைப் பற்றி. அவசரத் தேவையின்போது கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே.

உலோக மதிப்பை வாடிக்கையாளர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969-இல் வந்த 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. எனவே 12 கிராம் வெள்ளி. மேற்சொன்ன தஞ்சை நாணயம் 35 கிராம், அதிலும் 80 விழுக்காடு. ஆக 28 கிராம். புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்காக 2023-இல் வெளியான 75 ரூபாய் நாணயமும் அதே 35 கிராம்தான். ஆனால் அதில் வெள்ளி பாதியே. மீதி 40 விழுக்காடு செம்பு, 5 விழுக்காடு நிக்கல், 5 விழுக்காடு துத்தநாகம். வெள்ளி இருப்பது 17.5 கிராம். கணக்கிற்காக ஒரு கிராம் வெள்ளி 150 ரூபாய் எனக் கொண்டால், தஞ்சை நாணயத்தின் உலோகம் 4,200 ரூபாய்; நாடாளுமன்ற நாணயத்தினுடையது 2,625 ரூபாய். அன்றைய சந்தை விலையை இட்டு இவ்வாறு பெருக்கிப் பாருங்கள். கேட்கப்படும் விலையில் இத்தொகை போக எஞ்சுவது முழுவதும் அழகிற்கும் அரிய தன்மைக்கும் நீங்கள் தரும் பணம். வாங்கும்போது 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு.

அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். அரசு நாணய ஆலைகள் ஒரே நாணயத்தை இரு தரங்களில் வெளியிடுவது வழக்கம். ஒன்று புழக்கத்திற்குச் செல்லாத புது நாணயம். மற்றது 'ப்ரூஃப்' எனப்படும் சிறப்பு மெருகு நாணயம். ப்ரூஃபுக்கான அச்சும் உலோக வில்லையும் முன்னதாகவே மெருகேற்றப்படுகின்றன. பிறகு மிகுந்த அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கப்படுகின்றன. இதனால் பின்புலம் கண்ணாடிபோல் மின்ன, உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும். மும்பை ஆலையின் ப்ரூஃப் நாணயங்களில் முன்பு 'பி' என்ற எழுத்தும், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து 'எம்' என்ற எழுத்தும் அடையாளமாக இடப்பட்டுள்ளன.

சேகரிப்பாளர் விலை தருவது இந்தக் கண்ணாடிப் பரப்பிற்குத்தான். விரல்ரேகை பட்டாலே அதில் கறை படியும். துணியால் துடைத்தால் கீறல் விழும். திருநீறு, புளி, பற்பொடி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு நன்மை செய்யும் பழக்கம் இங்கே ஒரே நாளில் மூன்றாவது விலையை அழித்துவிடுகிறது. ஆலை தந்த உறையும் சான்றட்டையும் பிரியாமல் இருப்பதும் அவ்வாறே முக்கியம். பூசைக்கு வைக்கவே வேண்டுமெனில் உறையோடு வையுங்கள், மகாலட்சுமி பொறுத்துக்கொள்வாள்.

தங்கத்திற்கு வருவோம். எட்டு கிராமைச் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் நாம் சொல்வது, ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் 'சாவரின்' நாணயத்தின் வழி வந்தது. அதன் எடை 7.988 கிராம், 22 காரட், தூய தங்கம் ஏறக்குறைய 7.32 கிராம். முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1918-இல் பம்பாயிலேயே இந்நாணயம் அச்சிடப்பட்டது. ஆண்டெண்ணுக்கு மேலே 'ஐ' என்ற சிறு ஆங்கில எழுத்து அதன் அடையாளம். நம் வாடிக்கையாளர் சிலரிடம் தாலிச் சரட்டிலும் காசுமாலையிலும் இது இன்றும் இருக்கிறது. நூற்றாண்டு கடந்தது என்பதால் பெருவிலை கிடைக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அவ்வாண்டில் அடிக்கப்பட்டவை ஏறத்தாழ 13 லட்சம். மாலையில் கோக்கத் துளையிட்டதும் பற்றவைத்ததுமான நாணயத்திற்குத் தங்க விலைக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. தொன்மை வேறு, அரிய தன்மை வேறு.

எட்டாம் எட்வர்ட் மன்னரின் உருவம் பொறித்த, 1937 என்று ஆண்டிடப்பட்ட சாவரின் ஒன்று 2020-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அவர் 1936 டிசம்பரிலேயே முடிதுறந்ததால் அந்நாணயம் வெளியிடப்படவே இல்லை. மாதிரிகளாகச் சில மட்டுமே எஞ்சின. அதை அரியதாக்கியது வரலாறு. 'குறைந்த எண்ணிக்கையில் மட்டும்' என்று விற்பனையாளர் முன்கூட்டியே அறிவிக்கும் நாணயங்களை ஒரே எண்ணத்தோடு ஆயிரக்கணக்கானோர் வாங்கிப் பத்திரப்படுத்துகின்றனர். எனவே பின்னாளில் அவை எளிதில் அரியவை ஆவதில்லை. இது என் சொந்தக் கருத்து.

இன்னொன்று: நூறு ஆண்டு நிறைந்த நாணயம், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்கீழ்த் தொல்பொருள் ஆகிவிடும். அதை வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்ப இயலாது.

2000-களின் பிற்பகுதியில், வேறொரு கிளையில் இளநிலை அதிகாரியாக இருந்தபோது, அட்சய திருதியை நாளில் தங்க நாணயங்களை நானே ஆர்வத்தோடு விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தபோது, வங்கி அவற்றைத் திரும்ப வாங்குவதில்லை என்று கூற நேர்ந்தது. விற்ற அன்றே அதை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். 2015 நவம்பரில் அறிமுகமான, அசோகச் சக்கரம் பொறித்த இந்தியத் தங்க நாணயம் திரும்ப வாங்கும் வசதியோடு வந்தது. எந்த நாணயத்தை வாங்கினாலும், யார் எந்த விலையில் திரும்ப எடுப்பார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கடன் விதிகளிலும் இதே நிலைதான். தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன் குறித்து ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். இவற்றின்படி ஒருவர் அடகு வைக்கக்கூடிய தங்க நாணயம் 50 கிராம் வரை, வெள்ளி நாணயம் 500 கிராம் வரை. மதிப்பீட்டில் உள்ளடங்கிய உலோகம் மட்டுமே கணக்கில் வரும். ப்ரூஃப் மெருகோ சான்றட்டையோ கடன் தொகையில் ஒரு ரூபாயையும் கூட்டாது.

விற்று லாபம் வந்தால் வரியும் உண்டு. தோல்பூர் மகாராஜா, மகாலட்சுமி பூசைக்குரிய தங்க, வெள்ளி நாணயங்கள் தம் சொந்த உபயோகப் பொருள் என்று வாதிட்டார். 1976-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவை மூலதனச் சொத்தே என்றது. 2024 ஜூலை 23 முதல், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 விழுக்காடு வரி. ஆகவே வாங்கிய ரசீதை நாணயத்தோடு சேர்த்தே வையுங்கள். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போர், தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய நாணயத்திற்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கட்டணம் கேட்கும் அழைப்புகள் மோசடியே. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதுபற்றி எச்சரித்துள்ளது.

அந்த அம்மையாருக்கு, அவர் அணிந்திருந்த இரண்டு வளையல்களின்பேரில் அன்று பிற்பகலே நகைக்கடன் வழங்கினோம். கல்லூரிக் கட்டணம் தவணை தவறாமல் செலுத்தப்பட்டது. நாணயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பூசை அறைக்கே அவர் திரும்ப எடுத்துச் சென்றார்.