ஞானஸ்நானம் பெறாத குழந்தை எங்கே?

கேள்வி: என் மகள் பிறந்த இரண்டாம் நாளே இறந்துவிட்டாள். ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. அவள் லிம்போவில் இருப்பாள், மோட்சம் போக மாட்டாள் என்கிறார் மாமியார். உண்மையா, சுவாமி?

பதில்: மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அவர் காலத்து ஞானோபதேசத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். லிம்போ என்ற லத்தீன் சொல்லுக்கு ஓரம், விளிம்பு என்று பொருள். ஜென்மப்பாவத்தோடு இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக இலேசானது என்றார் புனித அகுஸ்தினார். அது மனதுக்கு ஒப்பாமல்தான் இடைக்கால இறையியலார் லிம்போவுக்கு வந்தார்கள்: வேதனை இல்லை, இயல்பான மகிழ்ச்சி உண்டு, கடவுளின் முகதரிசனம் மட்டும் கிடையாது. தாய்க்கு இதுவும் ஆறுதலாகுமா என்ன!

ஆனால் ஒன்று: லிம்போவைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் அந்தச் சொல்லே இல்லை. இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது அதன் 1261-ஆம் பத்தி. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவையும் நினைவூட்டுகிறது. 2007-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், இவர்கள் மீட்படைவார்கள் என நம்பத் தகுந்த காரணங்கள் உண்டு என்றது. உறுதியான அறிவு என்று சொல்லவில்லை, நம்பிக்கை என்றது. அதனால்தான் குழந்தை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்ற போதனை இன்றும் மாறவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் குழந்தைக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதிக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம். இறுதிச் சடங்கு நூலில் அதற்கென்றே தனிச் செபங்கள் உண்டு. மகளுக்காகப் பூசை வைக்கத் தயங்காமல் பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.