வகுத்தறியும் மனம்

பெரம்பலூர் மாவட்டத்தின் வடபகுதியில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அவ்வட்டாரம் சின்ன வெங்காயத்திற்கும் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் பெயர்பெற்றது. அறுவடைக் காலத்தில் வெங்காயக் குவியலின் முன் அமர்ந்திருக்கும் உழவர் ஒருவரை உற்று நோக்குங்கள். அவர் கைகள் ஓயாது இயங்கும். சிலவற்றை விதைக்கென வைப்பார். சிலவற்றை விற்பனைக்கென வைப்பார். அழுகியவற்றை அப்பால் எறிவார். முற்றும் ஒத்த இரண்டு வெங்காயங்கள் அக்குவியலில் இல்லை. ஆயினும், ஒவ்வொன்றையும் புதுப்பொருளாகக் கண்டு அவர் திகைப்பதில்லை. பார்த்த அளவில், ‘இஃது இவ்வகை’ என அவர் மனம் துணிந்துவிடுகிறது.

இவ்வாற்றல் நம் அனைவர்க்கும் உண்டு. பேசத் தொடங்கும் குழந்தை, நாற்கால் உயிர் எதனைக் கண்டாலும் ‘மாடு’ என்று கூறும். ‘அது மாடன்று, ஆடு’ எனத் தாய் திருத்துவாள். நாளடைவில் குழந்தை வேற்றுமைகளை உணர்ந்து, மாட்டிற்கு ஓர் எண்ணமும் ஆட்டிற்கு ஓர் எண்ணமும் அமைத்துக்கொள்ளும். பல பொருள்களுக்குப் பொதுவாக மனம் அமைத்துக்கொள்ளும் இவ்வெண்ணமே பொதுக்கருத்து எனப்படும். இஃது இல்லையேல், நேற்றுக் கண்ட பாம்பைப் பற்றிய அறிவு இன்று காணும் பாம்பிற்குப் பயன்படாது.

எதனைக் கொண்டு வகுப்பது? பயன் கருதி வகுத்தல் ஒரு முறை. ஒரே வெங்காயம் உழவர்க்கு விதை, வணிகர்க்குச் சரக்கு, அடுக்களையில் உணவு. பொருளின் இயல்பை ஆராய்ந்து வகுத்தல் மற்றொரு முறை. தொல்காப்பியர் மரபியலில் இம்முறையைக் காணலாம். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அவர் பிரித்தார். அதன்படி, வானளாவ நிற்கும் தென்னையும் பனையும் புல்லினத்தைச் சேர்ந்தவை! உயரத்தில் மயங்காமல், தண்டின் அமைப்பை நோக்கிய நுண்மை இது. தென்னைக்கு ஓலை, மாவிற்கு இலை என நாம் இன்றும் வேறுபடுத்திக் கூறுகிறோம் அல்லவா? இக்காலத் தாவரவியலும் தென்னை, பனை, மூங்கில், புல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்றும், மா, வேம்பு ஆகியவற்றை இருவித்திலைத் தாவரங்கள் என்றும் பகுக்கின்றது.

எனினும், நாம் வகுத்த எல்லைக்குள் அடங்காத பொருள்களும் உண்டு. இதே மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் பரவியிருந்த அந்நிலத்தில் மரம் ஒன்று சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த கனிமங்கள் அதன் உடலுள் ஊறி இறுகின. மரத்தின் வடிவம் மாறாமலே அது கல்லாயிற்று. தொட்டால் கல், உருவில் மரம். ‘கல்’ என்று மட்டும் எண்ணிக் கடந்து செல்பவர் அதன் நெடிய வரலாற்றை இழப்பர். பொருள் வகைக்குள் அடங்காதபோது, திருத்த வேண்டுவது வகையையே.

இவ்வெச்சரிக்கை மக்களிடத்துப் பழகுங்கால் இன்னும் மிகுதியாக வேண்டும். லப்பை என்பது தமிழ் பேசும் இசுலாமியருள் ஒரு பிரிவினரைக் குறிக்கும் பெயர். ஒருவருடைய ஊர்ப்பெயரையோ, உடையையோ, சமயத்தையோ அறிந்த அளவில், ‘இவர் இத்தகையவர்’ என மனம் முந்திக்கொண்டு முடிவு கட்டும். வெங்காயத்தைத் தரம் பிரிக்கும் உழவர்கூட, ஐயம் தோன்றின் அதனைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கிறார். மனிதரையோ நாம் பேசிப் பாராமலே ஒதுக்கிவிடுகிறோம். இது தகுமா? மக்கள் அனைவரையும் உயர்திணை என்னும் ஒரே வகுப்பில் வைத்தது நம் இலக்கணம்.

மாணவர்களே! வகுத்தறிதல் அறிவின் தொடக்கம், அதுவே முடிவன்று. புதியவர் ஒருவரைக் காணும்போது, உங்கள் மனம் அவருக்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். பின்னர் அவரிடம் சென்று பேசுங்கள்; அப்பெயர் பொருந்துமா என்பது விளங்கும்.