மனநல அறிவும் மக்கள் மொழியும்

காசநோயின் அறிகுறி யாது, சளியை எங்கே பரிசோதிப்பது, மாத்திரையை ஏன் இடையில் நிறுத்தக் கூடாது என்பன நகர்ப்புறக் குடிசைப் பகுதி மக்களுக்கு ஓரளவேனும் தெரிந்த செய்திகளாகிவிட்டன. பல ஆண்டுக் காலச் சுகாதாரப் பிரசாரத்தின் பயன் இது. மனச்சோர்வு நோயைப் பற்றி இவ்வாறு கூற இயலாது.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர். கடும் மனச்சோர்வுக்கு ஆளானோரில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை. சிற்றூர்களைவிடப் பெருநகரங்களில் பாதிப்பு மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டியது. (தமிழ்நாடு இதில் இடம்பெற்றது, மகாராஷ்டிரம் இடம்பெறவில்லை.) மருத்துவர் பற்றாக்குறை இந்நிலைக்கு ஒரு காரணமே. தமக்கு வந்திருப்பது சிகிச்சைக்கு உட்படும் நோய் என்பதைப் பலர் அறியாதிருப்பது மற்றொன்று.

மும்பையில் இதைத் தெளிவாகக் காணலாம். சமூகப் பணிக் கல்விக்கென 1936இல் தொடங்கப்பட்ட டாட்டா நிறுவனம், மறு ஆண்டிலேயே குழந்தைகளுக்கான மனநல வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவியது. 1954இல் அந்நிறுவனம் செம்பூரை அடுத்த தேவனாருக்குப் பெயர்ந்தது. அங்கிருந்தே 2012இல் ‘ஐகால்’ என்னும் தொலைபேசி ஆலோசனைப் பணி தொடங்கிற்று. தாராவியை ஒட்டிய சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை மனநோய்ப் பிரிவுடன் இயங்குகிறது. ஆகவே, அறிவும் மருத்துவமும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே உள்ளன. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியோரின் வழியினர், வீட்டில் தமிழும் வெளியே இந்தியும் மராத்தியும் பேசுவோர், தம் மனத்துயரை மருத்துவரிடம் எந்தச் சொல்லால் சொல்வர்?

சொல்லில் உள்ள சிக்கல்

மனச்சோர்வுற்றவர் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு வலி, தூக்கமின்மை, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு என்றே சொல்கிறார். அல்லது எல்லா மொழியினரும் எடுத்தாளும் ‘டென்ஷன்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் வழக்கு இன்னும் தீமையானது. நரம்பில் கோளாறு என்று நம்பியவர் ஊசிக்கும் டானிக்குக்கும் லேகியத்துக்கும் கூலிப் பணத்தைச் செலவிட்டுக் காலம் கடத்துகிறார். ‘மனச்சிதைவு’ என்ற கலைச்சொல்லோ, ஒருவருக்குள் இருவர் வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டும் நிலையை நினைவூட்டிவிடுகிறது. அது முற்றிலும் வேறான கோளாறு. மனச்சிதைவில் இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்கள் உறுதிப்படுவதும், அன்றாடச் செயல்களில் நாட்டம் குன்றுவதுமே முக்கிய அடையாளங்கள்.

இதனால், ஆங்கிலத் துண்டு வெளியீட்டைத் தமிழாக்கி அச்சிடுவதோடு பணி முடிந்துவிடாது. மக்கள் சொல்லும் அறிகுறியிலிருந்து தொடங்கி நோயின் பெயருக்குச் செல்வதே முறை. மாட்டுங்காவில் ஆங்கிலம் படித்த குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அங்கே சொல் தெரிந்திருக்கலாம். பெண்ணுக்கு வரன் அமையாது போகுமோ என்ற அச்சம் அச்சொல்லை வாய்க்கு வராமல் தடுத்துவிடும்.

எளிமை என்பது துல்லியத்தைக் கைவிடுவதாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் வாடியிருந்தாலோ, எதிலும் ஈடுபாடற்றுப் போனாலோ மருத்துவரைக் காண வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரக்கூடுமாதலால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்து பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் கழித்தே பலன் காட்டத் தொடங்கும். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லாமல் விடுவதன் விளைவு பெரிது. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்று மருந்து வாங்கியவர், ஐந்தாம் நாள் குணமில்லை என்று நிறுத்திவிட்டால், இரண்டாம் முறை அவர் வரப்போவதில்லை.

யார் சொல்வது?

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. மனநலப் பட்டமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகள் பேசியதில், கடும் மனச்சோர்வுற்றோரில் 64 சதவீதத்தினர் 3 மாதங்களில் நோய் தணிந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் இது 39 சதவீதம். அறிவைப் பரப்பத் தகுந்தவர் தெருவிலேயே இருக்கிறார் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. தாராவியில் 2015இல் ‘ஸ்நேகா’ அமைப்பு நடத்திய கலைக் கண்காட்சியில், அப்பகுதி மக்களே கலைஞர்களுடன் சேர்ந்து உடல்நலம், வீட்டு வன்முறை ஆகியவை குறித்த படைப்புகளை உருவாக்கினர்.

அறியாமையின் விலை 2001 ஆகஸ்டு 6 அன்று தெரிந்தது. ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். அவர்களைக் கொண்டு விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. பின்னாளில் அதே தலத்தில், பிரார்த்தனையைத் தடுக்காமல் மருந்தையும் சேர்த்து வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு மேற்கொண்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அதன் விதிகளை ஊடகங்கள் வாயிலாகப் பரவலாக விளம்பரப்படுத்துவதை அரசின் கடமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த ஐந்து இலக்கங்களும், அவற்றின் மேலே ‘தூக்கம் வரவில்லையா? எதிலும் மனம் செல்லவில்லையா?’ என்ற இரண்டு கேள்விகளும், ரேஷன் கடைச் சுவரிலும் பொதுக் குழாயடியிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு வாளி வண்ணமும் ஓவியர் ஒருவரின் நாட்கூலியுமே.