கோபுரம் தெரியாத நாளுக்கான படிப்பு

வானம் தெளிந்த நாளில் திருச்சிக்கு மேலே வழி தவறுவது கடினம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கிறது ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரமும், ஆற்றுக்குத் தெற்கே மலைக்கோட்டையும் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஐப்பசி அடைமழையில் மேகம் இறங்கிவிட்டால் இவற்றில் ஒன்றும் தெரியாது. அன்று கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஓட்டி, ஓடுபாதையில் இறக்க வேண்டும். அதற்கான தகுதிதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். பைலட்டுகள் சுருக்கமாக ஐ.ஆர். என்பார்கள்.

இந்தப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வரும் முதல் கேள்வி இது: புத்தகத்தை முடித்துவிட்டுப் பறப்பதா, பறந்துகொண்டே படிப்பதா? என் பதில்: எழுத்துத் தேர்வை முதலில் முடியுங்கள், படிப்பை மட்டும் முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடமும் அதற்குரிய பறப்புக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி உங்கள் மேஜைக்கு வர வேண்டும்.

முதலில் கணக்கு

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிப்படி ஐ.ஆர். பெற, விமானத்தின் பொறுப்பு பைலட்டாக 50 மணி நேர கிராஸ் கன்ட்ரி பறப்பும், 40 மணி நேரக் கருவிப் பறப்பும் வேண்டும். அந்த 40-ல் 20 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி. நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் எனத் தாள்கள் தனித்தனி. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு.

நம் மாணவர்களில் பலர் இந்தத் தாள்களை எழுதி முடித்த பிறகே பறக்கப் போகிறார்கள். அது நல்ல வழக்கம். பறப்பு நடக்கும் மாதங்களில் தேர்வுப் பயம் தலையில் உட்காராது. ஆனால் ஐ.ஆர். பாடங்கள் பெரும்பாலும் 200 மணியின் பின்பகுதியில்தான் வரும். அதற்குள் ஹோல்டிங் (இறங்க முறை வரும்வரை வானில் சுற்றிக் காத்திருப்பது) பற்றிப் படித்தது மறந்திருக்கும். மறந்ததை ஆகாயத்தில் திரும்பக் கற்றால், மணிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புத்தகம் புரட்டுவதாக ஆகும்.

படிக்காமல் பறப்பது அதைவிட மோசம். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்து ஓட்டவைத்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில் விமானம் அவர்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போனது. மேகத்துக்குள் உள்காது பொய் சொல்லும். சாய்ந்திருக்கும் விமானம் நேராகப் போவதாகத் தோன்றும். அந்தப் பொய் எப்படி உருவாகிறது என்பதைத் தரையிலேயே புரிந்துகொண்டவர்தான், உடல் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவியை நம்புவார்.

நான்கு கட்டம், நான்கு பாடம்

முதல் கட்டம், ஸ்கேன். வெளிப்பார்வையை மறைக்கும் ஹூட் அணிந்து, கருவிகளை மட்டும் பார்த்து நேராக, ஏறி, இறங்கி, திரும்பிப் பழகுவது. அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு கருவியும் எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பழுதாகும் என்று படியுங்கள். வேக்குவம் பம்ப் நின்றால் எந்தெந்தக் கருவி போகும் என்பது புத்தகத்தைப் பார்க்காமல் வர வேண்டும்.

இரண்டாம் கட்டம், வி.ஓ.ஆர். என்ற தரை ரேடியோ நிலையத்தின் தடம் பிடிப்பதும் ஹோல்டிங்கும். நிலையான திருப்பம் விநாடிக்கு 3 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு 2 நிமிடம். 14,000 அடி வரை ஹோல்டிங்கின் வெளிச்செல்லும் கால் 1 நிமிடம். இதை மொட்டை மாடியில் சாக்குக்கட்டியால் வரைந்து நடந்து பாருங்கள். எந்தத் திசையிலிருந்து வந்தால் எந்த நுழைவு என்பது காலுக்குப் பழகிவிட்டால், காக்பிட்டில் மனம் தடுமாறாது.

மூன்றாம் கட்டம், அப்ரோச், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்குவது. அதிக நேரம் கொடுக்க வேண்டியது இங்கேதான். 3 டிகிரி சரிவில் இறங்க, தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. ஒவ்வொரு சார்ட்டிலும் இறங்கும் வழியைப் படிக்கும் முன், இறங்க முடியாதபோது மீண்டும் மேலேறும் வழியான மிஸ்டு அப்ரோச்சைப் படியுங்கள். ஓடுபாதைக்கு ரேடியோவால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். இல்லாத நாளுக்கும் தயாராகுங்கள். 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும், இங்குள்ள லோக்கலைசர் ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. பிறகு மும்பையில் பத்திரமாக இறங்கியது. லோக்கலைசர் இல்லாவிட்டால் ஐ.எல்.எஸ். இல்லை. கிளம்பும் முன், இத்தகைய பழுதுகளை அறிவிக்கும் நோட்டாமைப் படிக்கும் பழக்கத்தை மாணவராக இருக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கட்டம், நீண்ட பயணமும் இறுதிச் சோதனையும். எரிபொருள் கணக்கு, மாற்று விமான நிலையம், ரேடியோ செயலிழந்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை இங்கே சேர்த்துப் படியுங்கள்.

வாரத்துக்கு எத்தனை?

வாரத்தில் மூன்று அல்லது நான்கு பறப்பு நல்லது. ஒன்று மட்டும் என்றால், பாதி நேரம் போன வாரத்தை நினைவுபடுத்தவே போய்விடும். ஒரு நாளில் ஒரு பாடம் போதும்; ஹூட்டுக்குள் ஒரு மணி நேரம் கடுமையான உழைப்பு. அதே பாடத்தை முதல் நாள் சிமுலேட்டரில் செய்துவிட்டுப் போனால் ஆகாயத்தில் செலவாகும் மணி குறையும். இறங்கிய அன்று மாலையே எங்கே தவறியது என்று நோட்டில் எழுதுங்கள். மறுநாள் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஐ.ஆர். எடுப்பவர்கள், விமானத்தையும் அப்ரோச்சையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்காதீர்கள். அப்ரோச் முறைகள் சிமுலேட்டரில் கைக்கு வந்த பிறகு புது விமானத்துக்கு மாறுங்கள்.

பருவத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

தமிழ்நாட்டில் பறப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஐ.ஆர். பயிற்சி என்பதற்காகச் சிறு விமானத்தை இடிமேகத்துக்குள் ஓட்ட முடியாது. அந்த மாதங்களைத் தரைப் பாடத்துக்கும் சிமுலேட்டருக்கும் ஒதுக்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, காலைப் பனி விலகியதும் வானம் அமைதியாக இருக்கும். தொடர்ந்து பறக்க ஏற்ற காலம். ஏப்ரல், மே நண்பகலில் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கிப்போடும். அதிகாலை நேரம் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச் போன்ற வடக்கத்திப் பள்ளியில் சேர்ந்தால் கணக்கு மாறும். அங்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் பறப்பு தடைப்படும். சேரும்போதே தலைமைப் பயிற்றுநரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

திருச்சி விமான நிலையத்தின் குறியீடு வி-ஓ-டி-ஆர். அதன் மெட்டார் வானிலை அறிக்கையைத் தினமும் காலையில் எடுத்து, மாடிக்குப் போய் வானத்தோடு ஒப்பிடுங்கள். அறிக்கையில் உள்ள மேக உயரமும் பார்வைத் தூரமும் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் செய்தால் மீட்டியராலஜி தாளில் பாதி பயம் போய்விடும்.

ஐ.ஆர். ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டும் சான்றிதழ் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை சோதனையில் தேறித்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும். படிப்பும் பறப்பும் கைகோத்து நடக்கும் பழக்கம் உங்களுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தேவைப்படும். இந்திய விமான நிலைய ஆணையம் திருச்சியின் அப்ரோச் சார்ட்டுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இன்று இரவு ஒன்றை இறக்கி, மிஸ்டு அப்ரோச்சிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.