சூரிய ஒளியால் நீரிறைத்தல்: செலவும் நம்பகமும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை முதலிய கரையோர மணல் நிலங்களில் மிளகாய், கத்தரி, வெண்டி போன்ற பயிர்களுக்குக் கிணற்று நீரே ஆதாரமாகும். மின்கம்பி எட்டாத தோட்டங்களில் மண்ணெண்ணெய்ப் பம்பியால் நீரிறைப்பது வழக்கம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இதனாற் சூரிய ஒளிப் பம்பியை நாடும் கமக்காரர், பணம் செலவிடுமுன் பின்வருவனவற்றை ஆராய்தல் வேண்டும்.

1. தேவையை அளவிடுக

அரை ஏக்கர் தோட்டத்துக்கு, கச்சான் காற்று வீசும் கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், அது ஏறத்தாழ 12,000 இலீற்றராகும். இதனை 8 மீற்றர் உயர்த்துவதற்கு, சிறு பம்பியின் வினைத்திறன் நூற்றுக்கு 30 எனவும், நாளொன்றின் வெயில் 5 மணித்தியால முழு வெயிலுக்குச் சமம் எனவும், வெப்பத்தாலும் தூசியாலும் நூற்றுக்கு 30 இழப்பு எனவும் கணித்தால், 250 உவாற்று மின்தகடு தேவைப்படும். 300 உவாற்று போதுமானது. ஆயிரம் உவாற்று வாங்குவது வீண் செலவாகும்.

2. மின்சாரத்தையன்றி நீரைச் சேமிக்குக

மேகம் மூடும் நாளையும் ஈடுசெய்யப் பற்றரி வேண்டுமென்று சிலர் கருதுவர். மின்தகடு 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஈயப் பற்றரியோ நம் வெப்பத்தில் சில ஆண்டுகளிலேயே மாற்றப்பட வேண்டியதாகும். மேலும், வாடைக்கால மழையில் வெயில் குறையும்போது நீர்த்தேவையும் குறைகின்றது. நீர் மிக வேண்டிய கோடையில் வெயில் நிறைந்துள்ளது. ஆதலால் பற்றரியை விடுத்து, அரை நாள் நீரைக் கொள்ளும் தாங்கியொன்றை உயரத்தில் அமைப்பதே சிக்கனமாகும். கோடையில் இடையிடையே மூடும் சில நாட்களுக்குப் பழைய மண்ணெண்ணெய்ப் பம்பியை விற்காது வைத்திருத்தல் நன்று. அச்சில நாட்களுக்காகப் பெரிய பொறி வாங்குவதிலும், சில இலீற்றர் எண்ணெய் வாங்குவது மலிவானது.

3. செலவைக் குறைக்கக் கூடாத இடங்கள்

பம்பியும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் பழுதுற்றால் அன்றே நீர் நின்றுவிடும். மணல் நிலம் நீரைப் பிடித்துவைப்பதில்லை; பூக்கும் பருவத்து மிளகாய் சில நாட்களிலேயே பூவுதிர்க்கும். ஆகவே உதிரிப்பாகங்களும் திருத்துவோரும் அண்மையில் கிடைக்கும் பம்பியையே தெரிவு செய்க. உப்புக் காற்றில் துருப்பிடியாத ஆணிகளையே பயன்படுத்துக. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியை மறத்தலாகாது. மாரிகாலத்தில் இலகுவாகக் கழற்றி வீட்டினுள் வைக்கத்தக்கதாக மின்தகட்டைப் பொருத்துக. மரநிழல் தகட்டின் ஒரு மூலையில் விழினும் மின்சாரம் பெரிதுங் குறையும்.

4. கிணற்றைக் காத்துக்கொள்க

எண்ணெய்ச் செலவு இல்லாதவிடத்து நாள் முழுவதும் இறைக்கும் எண்ணம் எழும். கடலோரத்து மணலில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலேறிக் கிணறு கெடும். அதனைப் பணத்தால் மீட்க இயலாது. தாங்கி நிரம்பியதும் பம்பி தானே நிற்கும் மிதவை ஆளியைப் பொருத்துக. பாத்திகளை வைக்கோலால் மூடுதலும் சொட்டு நீர்ப்பாசனமும் நீரை மிச்சப்படுத்தும். கோடையில் மாதந்தோறும் நீரின் உவர்த்தன்மையைச் சோதிப்பித்தல் வேண்டும்.

5. நெல் வயல்களுக்கு

நெல்லுக்கு ஏக்கரொன்றுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீற்றர் எனக் கொண்டாலும் 40,000 இலீற்றர் வேண்டும். வாகனேரி, உன்னிச்சை போன்ற குளங்களின் வாய்க்கால் நீர் பெறும் வயல்களுக்கு இப்பொறி வேண்டியதில்லை. வீட்டுத்தோட்டத்திலும் மரக்கறிச் செய்கையிலுமே இது பயன்தரும்.

பொறி வாங்குமுன், கோடையின் கடைசியில் கிணற்று நீரின் ஆழத்தையும், தோட்டத்தின் பரப்பையும் அளந்து எழுதிக்கொண்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்பீர்களாக.