கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கேள்வி: பழனி பக்கத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பங்களை ஃபோட்டோஷாப்பில் நானே டிசைன் செய்கிறேன். எல்லாம் 12க்கு 36 ஷீட். கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம், 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சி டிரைவ்), 1 டி.பி. ஹார்டு டிஸ்க் இருக்கின்றன. காலையில் நாலைந்து ஷீட் வரை நன்றாக ஓடுகிறது. அப்புறம் ஒரு லேயரை நகர்த்தினாலே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சேவ் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம். கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். முகூர்த்த மாதம் நெருங்குகிறது. போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ‘நாலைந்து ஷீட் வரை நன்றாக ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது. திறமை இல்லாத கம்ப்யூட்டர் முதல் ஷீட்டிலேயே திணறியிருக்கும். உங்களுடையது இடமில்லாமல் திணறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12க்கு 36 அங்குலம், 300 டி.பி.ஐ. என்றால் 3,600க்கு 10,800 பிக்சல்; மொத்தம் 3 கோடியே 88 லட்சம். 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கே சுமார் 111 எம்.பி. ஆகிறது. 16 பிட்டில் வைத்திருந்தால் இரட்டிப்பு. பின்னணி, பூ, ஒளிவட்டம், நிழல் என்று பத்து லேயர் அடுக்கினால் ஒரு ஷீட்டே 1 ஜி.பி.யைத் தாண்டும். முடித்த ஷீட்களை மூடாமல் அடுத்ததைத் திறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். 8 ஜி.பி. என்பது ஃபோட்டோஷாப் கேட்கும் குறைந்தபட்ச அளவு. அதில் விண்டோஸுக்கும் பங்கு போக வேண்டும்.

ராம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் நிற்காது. மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அந்த இடத்துக்குப் பெயர் ஸ்கிராட்ச் டிஸ்க். உங்கள் சி டிரைவ் சின்னது. அது நிறைந்திருந்து, வேலை ஹார்டு டிஸ்க்குக்குப் போனால் வட்டம் சுற்றத்தான் செய்யும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் திரையே சொல்லும். ஃபோட்டோஷாப்பின் கீழ் இடது மூலையில் ஃபைல் அளவு தெரியும். பக்கத்திலுள்ள அம்பைத் தட்டி ‘எஃபிசியன்சி’யைத் தேர்ந்தெடுங்கள். 100% என்றால் வேலை முழுக்க ராமில் நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தாவது ஷீட்டில் அந்த எண்ணைப் பாருங்கள்.

எண் இறங்கியிருந்தால், செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். முடித்த ஷீட்டை மூடுங்கள். ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 என்று இருப்பதை 20 ஆக்குங்கள். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் ‘ஃபோட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கும் ஃபைல்கள் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். கரண்ட் போய், கம்ப்யூட்டர் பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும் இவை தங்கிப்போயிருக்கலாம். தயங்காமல் அழிக்கலாம். ஃபோட்டோவின் பெரும்பகுதி ஷீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிக்சலும் ஃபைலில்தான் இருக்கும். செலக்ட் ஆல் கொடுத்து, இமேஜ் மெனுவில் க்ராப் கொடுத்தால் போய்விடும்.

டெம்ப்ளேட் வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கை மாறி, காப்பி மேல் காப்பியாக வந்த டெம்ப்ளேட்டுக்குள் ‘டாக்குமெண்ட் ஆன்செஸ்டர்ஸ்’ என்ற பழைய வம்சாவளிக் குறிப்பு சேர்ந்துகொண்டே போகும். படத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பல எம்.பி. எடையைச் சுமக்க வைக்கும். சின்னதாகக் குறைத்து ஜே.பெக்காகச் சேவ் செய்த படம்கூடப் பல எம்.பி. வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இதை நீக்கச் சின்ன ஸ்கிரிப்ட் உண்டு.

சேவ் தாமதத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ப்ரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் பி.எஸ்.டி. கம்ப்ரஷனை நிறுத்திவிடலாம். ஃபைல் பெரிதாகும், ஆனால் சேவ் சீக்கிரம் முடியும். ஆல்பம் டெலிவரி ஆகும்வரைதானே அந்த ஃபைல்!

காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால் ராமை 16 ஜி.பி. ஆக்குங்கள், மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மீதிக் காசில், ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கென்றே ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும், கேமரா ரா, லிக்விஃபை போன்ற சில வேலைகளிலும் கைகொடுக்கும். சேவ் செய்வதற்கும் லேயர் அடுக்குவதற்கும் அதனால் பெரிய லாபமில்லை.

இவ்வளவும் செய்த பிறகு எஃபிசியன்சி 100%இல் நின்றும் வட்டம் சுற்றினால் மறுபடி எழுதுங்கள். அப்போது கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசலாம்.