கட்டுப் போட்ட காலோடு வா

புதுச்சேரியில், வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி. புதிதாகச் சேரும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "எப்ப மாஸ்டர் பல்டி அடிக்கலாம்?" இரண்டாவது கேள்வி ஒரு மாதம் கழித்து நொண்டிக்கொண்டே வரும்: "கால் பிசகிடுச்சு மாஸ்டர், பிராக்டிஸுக்கு வரணுமா, வேணாமா?" இது அந்த இரண்டாவது கேள்விக்கு.

1. வரணும். நம் திருக்காமீசுவரர் தேரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். கால் முடியாத பாட்டி வடத்தைத் தொடுவதில்லை. அதற்காக உள்ளே படுத்துக்கொள்வதும் இல்லை, திண்ணைக்கு வந்துவிடுவார். நீயும் அப்படி வா. என்னிடம் பாதியில் நின்றுபோனவர்களில் பலர் அடியால் நிற்கவில்லை. அடி ஆறும்வரை தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பிறகு வரக் கூச்சப்பட்டு நின்றவர்கள்.

2. வருவது வேறு, ஆடுவது வேறு. வருவதை நீ முடிவு செய். ஆடுவதை நீயும் முடிவு செய்யாதே, என்னிடமும் விடாதே, டாக்டரிடம் விடு. உனக்கு ஆசை கண்ணை மறைக்கும், எனக்குப் போட்டி மறைக்கும். ஒருமுறை மறைத்தது. மணிக்கட்டு வலி என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். அணித் தேர்வுக்கு நான்கே நாள். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, "ஒண்ணுமில்லடா கண்ணு, அடி" என்றேன். அடித்தாள், தேர்வும் ஆனாள். அதன்பிறகு உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடம்பைத் தாங்க அவளால் முடியவே இல்லை. பேண்டேஜ் சுற்றிய கை என்னுடையது.

3. சின்னப் பிள்ளைக்கு வந்ததை எல்லாரும் சுளுக்கு என்பார்கள். நம்பிவிடாதே. வளர்கிற வயதில் எலும்பின் முனையருகே அது நீளுகிற இடம் குருத்தாக, மிருதுவாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் தசைநார் அதைவிடக் கெட்டி. அதனால் பெரியவருக்கு நார் இழுபடும் அதே விழுகையில் பிள்ளைக்குக் குருத்து பிளக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு கோணலாக வளரலாம், வளராமலும் நிற்கலாம்.

கணுக்காலுக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு அடி எடுத்துவைக்க முடிகிறதா? இரண்டு பக்கத்து மொட்டெலும்பையும் விரலால் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? நடக்க முடியவில்லை, அல்லது எலும்பு வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவரை நான் குறைத்துப் பேசமாட்டேன், என் முதுகே அவருக்குக் கடன்பட்டது. ஆனால் எக்ஸ்ரே பார்க்குமுன் பிள்ளையின் காலை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. அன்றைக்கு ஐஸ் வை, காலைத் தலையணைமேல் தூக்கி வை. மஞ்சள் பற்று போடுவது பாட்டியின் ஆசைக்கு, போட்டுக்கொள்.

4. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பயிற்சி மெத்தையில் ஏறாதே. வலிதான் உன் காவல்காரன், அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு நடுராத்திரியில் கதவைத் திறந்து போடுவாயா?

5. "பெரிய ஆளுங்க அடிபட்டும் ஆடினாங்களே மாஸ்டர்" என்று வீடியோ காட்டுவாய். அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். முதல் வால்ட்டில் கணுக்கால் போனது, இரண்டாவதையும் ஓடித் தாவி ஒற்றைக் காலில் நின்றார். உலகமே அழுதது. கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டாவது தாவல் இல்லாமலே அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்று தெரிந்தது. தனிநபர் இறுதிப் போட்டிகளில் அவரால் இறங்க முடியாமல் போனது. அப்போது வயது 18.

இன்னொரு வீடியோவையும் பார். டோக்கியோ, 2021. சிமோன் பைல்ஸ் அந்தரத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற கணக்குத் தவறிப்போகிறது என்று உணர்ந்து, ஒரே வால்ட்டோடு அணி இறுதியிலிருந்து விலகினார். விலகியவர் அறைக்குப் போய்விடவில்லை. ஓரத்தில் நின்று தோழிகளுக்காகக் கத்திக்கொண்டே இருந்தார். 2024 பாரிஸில் மூன்று தங்கம். நான் சொல்லும் "வா, ஆடாதே" என்பதை என்னைவிட நன்றாகச் செய்துகாட்டியவர் அவர்தான்.

6. நம் நாட்டுக்கு வருவோம். அகர்தலாவின் தீபா கர்மாகர் 2016 ரியோவில் வால்ட்டில் நான்காவது. வெண்கலம் தவறியது 0.150 புள்ளியில். அடுத்த வருஷம் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை. ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்து 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் தங்கம் வாங்கினார். அடுத்த மாதமே ஆசிய விளையாட்டில் அதே முழங்கால் மறுபடி தொந்தரவு. ஆனாலும் 2024இல், 30 வயதில், ஆசியச் சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம், இந்தியாவுக்கு முதல் தடவை. உனக்கு வயது பதினொன்று. இந்த வருஷத் தேர்வு போனால் எத்தனை வருஷம் மிச்சம் என்று நீயே எண்ணிப் பார்.

7. வந்தால் என்ன செய்வது? என் நாற்காலியை உனக்குத் தருகிறேன், உட்கார். கால் அடிபட்டிருந்தால் வயிறு, தோள், கை எல்லாம் சும்மாதானே இருக்கின்றன. மல்லாந்து படுத்து முதுகைத் தரையில் ஒட்டி, தோளையும் காலையும் கொஞ்சம் தூக்கிப் பிடி. முதல் நாளே வயிறு நடுங்கும். டாக்டர் சரி என்றால் நல்ல காலுக்கான பயிற்சியை விடாதே. ஒரு பக்கம் உழைத்தால் கட்டுக்குள் இருக்கும் மறுபக்கமும் பலத்தைக் கொஞ்சம் தக்கவைத்துக்கொள்ளும், அது நரம்பின் வேலை. கை அடிபட்டவனுக்குத் தலைகீழ் நிற்பது கிடையாது, சுவரோரமும் கிடையாது. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான்.

பிறகு பார். சும்மா பார்க்காதே, ஒருத்தியின் கார்ட்வீலில் கை எப்போது தரையைத் தொடுகிறது என்று மட்டும் ஒரு மணி நேரம் பார். ஆடும்போது இதற்கு நேரமே கிடைக்காது.

ஒன்று மட்டும்: சப்போர்ட் கொடுக்கப் போகாதே. மேலே இருந்து வருகிறவளைப் பிடிக்க ஒற்றைக் கால் போதாது, இரண்டு பேருக்கும் அடி.

8. வரக்கூடாத நாட்களும் உண்டு. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தலைவலி என்றால் வேப்பமரத்தடிக்கும் வராதே, நேராக ஆஸ்பத்திரி. காய்ச்சல் என்றால் வராதே. தூரமும் ஒரு காரணம். வேறு இடத்தில் பயிற்சி எடுக்கும் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை, புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்குப் போவதென்றால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சாயங்கால பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு கட்டுக்காலோடு வருவதைவிடப் பல்டியே பத்திரம். உட்கார இடம் கிடைக்காத நாளில் வீட்டிலேயே இரு, போன் பண்ணு. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது, துள்ளத்தான் செய்வேன் என்கிற ரகமா நீ? அப்படியானால் முதல் வாரம் வராதே.

9. அப்பா அம்மா காதுக்கு. விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், வயலை நம்பி இருக்கும் வீட்டில் அது ஒரு காலேஜ் சீட். ஆனால் "இத்தனை செலவு பண்ணிட்டோம், தாங்கிக்கோ" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை கேட்ட பிள்ளை அடுத்த வலியைச் சொல்லாது. எனக்கும் சொல்லாது.

10. டாக்டர் சரி என்ற அன்றைக்கே பல்டி இல்லை. வலியில்லாமல் படி ஏறி இறங்கு. ஒற்றைக் காலில் நில், கண்ணை மூடிக்கொண்டும் நில். இரண்டு காலிலும் ஒரே உயரம் குதிக்க முடிகிறதா என்று சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் முதல் நாள் ஒரே ஒரு ஃபார்வர்ட் ரோல், அவ்வளவுதான். ரோல் முடிந்ததும் அந்த நாற்காலியை மறக்காமல் என்னிடம் கொண்டுவந்து போடு. இத்தனை நாளாக நான் நின்றுகொண்டிருக்கிறேன்.